ஏழாம் நம்பர் கன்றின் தாய்மாமன்

ஆராய்ச்சி நிலையத்துப் பசுமைக்குடிலில் இருந்த ஏழாம் நம்பர் ஆரஞ்சுக் கன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை தரை பெருக்குகிற நேரத்தில் மூன்று முறை தும்மியது. முதல் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவதற்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்தது. பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தைப் பிடித்தபடி அந்த மூன்றாவதற்காகக் காத்து நின்றாள். அது வந்ததும் "நூறு ஆயுசு" என்று சொல்லிவிட்டு மீதியைப் பெருக்கி முடித்தாள். பிறகு மாடியேறிப் போய் டாக்டரிடம், கன்றுக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு வாளி வேண்டும் என்று கேட்டாள். வாளி அன்றைக்கே வாங்கப்பட்டது.

எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. ஆட்களுக்கு ஊசி போடுகிற படிப்பு இல்லை அவளுடையது. பழ மரங்களின் மரபணுவைத் திருத்துகிற படிப்பு. ஊழியர் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தாள். அக்கம்பக்கத்தார் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் அவள் கதவைத்தான் தட்டினார்கள். குடிவந்த புதிதில் தன் வேலை வேறு என்று பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. பிறகு மேஜை இழுப்பறையில் நாலு வகை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, கேட்டவர்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். கன்று தும்மியதைக் கேட்டு அவள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த இடைவெளிதான் அவளை உறுத்தியது. அவள் குடும்பத்தில் எல்லோருக்கும் தும்மல் அப்படித்தான். அவளுடைய அப்பா தும்மினால், எதிரே இருப்பவர் பேசவந்ததை விட்டுவிட்டு மூன்றாவதற்காகக் காத்திருப்பார். சண்டைக்கு வந்தவர்கள்கூட அந்த இடைவெளியில் கோபம் ஆறித் திரும்பியிருக்கிறார்கள். அப்பாவிடமிருந்து அது அவளுக்கும் வந்தது, அவள் அண்ணனுக்கும் வந்தது.

அண்ணனோடு அவளுக்குப் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. அந்த வட்டாரமே ஆரஞ்சால் சோறு தின்ற வட்டாரம். பள்ளிக்கூடச் சுவரும் ஆரஞ்சு நிறம், பேருந்து நிலையத்துக் கூரையும் ஆரஞ்சு நிறம். அங்கே கடுகளவுப் பூச்சி ஒன்று வந்து சேர்ந்தது. அது கடித்த மரத்தின் இலைகள் மஞ்சளாகின, பழங்கள் ஒரு பக்கம் பச்சையாகவே நின்று கசந்தன, இரண்டு மூன்று வருடத்தில் மரம் நின்றபடியே காய்ந்தது. மருந்து கிடையாது. நோய் கண்ட தோப்பையும் அதை ஒட்டிய தோப்புகளையும் அடியோடு அறுத்துவிட்டால் மற்றவை பிழைக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். எந்தத் தோப்பில் நோய் இருக்கிறது என்று இலையைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது டாக்டரின் பொறுப்பாக வந்தது. அண்ணன் தோப்பு ஆற்று வளைவில் இருந்தது. அப்பா வைத்த மரங்கள். அவற்றை அண்ணன் தன் பெண் பிள்ளைகளுக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டான் என்று அண்ணி பாதி விளையாட்டாகவும் பாதி வருத்தமாகவும் சொல்வாள். அந்தத் தோப்பு இலைகளை டாக்டர் முதலில் ஒரு முறை சோதித்தாள். கருவியில் கோளாறு இருக்கலாம் என்று வேறு கருவியில் சோதித்தாள். தன் கையிலேயே கோளாறு இருக்கலாம் என்று வேறு ஆளை விட்டுச் சோதிக்கச் சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டு, தாளைத் தபாலில் அனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

அண்ணன் அதை நின்றபடியே படித்தான்.

"எல்லாமா?" என்றான்.

"எல்லாம்தான்."

"நீயே கையெழுத்துப் போட்டியா?"

"ஆமா."

அண்ணி காபி கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் வாசலில் நின்றே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அதோடு சரி. அண்ணன் கூலியாட்களைத் தோப்புக்குள் விடவில்லை. ஓர் அறுவை மிஷினை வாங்கி, அத்தனை மரங்களையும் தானே அறுத்தான். அறுத்து முடித்தபோது வேறு தொழில் எதுவும் இல்லை, மிஷின் மட்டும் கையில் இருந்தது. அதனால் பக்கத்துத் தோப்பை அறுக்கப் போனான், அப்புறம் அதற்கடுத்த தோப்பை. ஐந்தாறு வருடத்தில் அந்த வட்டாரத்தில் எந்த மரத்தை அறுப்பதானாலும் அவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஆனது. அவன் வண்டி ஒரு தெருவில் திரும்பினால் அந்தத் தெருவில் பேச்சு நின்றுபோகும்.

டாக்டர் இந்தப் பக்கம் தன் ஆய்வுக்கூடத்தில் வேறு காரியத்தில் இறங்கியிருந்தாள். கீரை ஒன்றில் நோயை எதிர்க்கிற மரபணு இருந்தது. அதை எடுத்து ஆரஞ்சு இலைத் துண்டுக்குள் ஏற்றி, அந்தத் துண்டைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துக் கன்றாக்குவது திட்டம். ஒரு நாள் தட்டு ஒன்று கை தவறி மேஜை விளிம்பில் பட்டு உடைந்தது. அதைப் பிடிக்கப் போனவளின் விரல் கிழிந்து பக்கத்துத் தட்டில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. அது ஏழாம் நம்பர் தட்டு. தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு ஏற்கெனவே பல தட்டுகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயிருந்தன. இதையும் போட மனம் வரவில்லை. ரத்தம் இலையின் செல்லுக்குள் போய் அதன் மரபணுவோடு சேராது, சேரவும் முடியாது. சேர்ந்துவிட்டது. நோய்ப் பூச்சிகளை எல்லாக் கன்றுகள் மேலும் விட்டபோது மற்றவை ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் செத்தன. ஏழாவது மட்டும் பூச்சிக்குத் தன் இலையைக் கொடுத்துவிட்டு அது பாட்டுக்கு வளர்ந்தது.

தும்மலுக்குப் பிறகு மற்றவையும் தெரிய ஆரம்பித்தன. டாக்டர் காய்ச்சலில் படுத்தால் கன்று இலை உதிர்த்தது. பின்னால் நின்று எட்டிப் படிப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. கன்றும் யாராவது குனிந்து பார்த்தால் இலைகளைத் திருப்பிக்கொண்டது. நிலைய இயக்குநர் பூசிக்கொள்கிற சென்ட் வாடை அவளுக்குக் குமட்டும். அவர் வந்தால் கன்று அடித்தண்டோடு சுவர்ப் பக்கம் சாய்ந்தது. இயக்குநர் கொஞ்சம் மனத்தாங்கலோடு அதன் சாற்றை எடுத்து ஊருக்குள் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு, யாருடையது என்று சொல்லாமல், அனுப்பினார். ஓ பாசிட்டிவ், இரும்புச்சத்து குறைவு, தினம் கீரை சேர்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது. டாக்டருக்கும் அதே பிரிவுதான், அதே குறைதான். கீரை சேர்ப்பதைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே சேர்த்தாயிற்று என்று அவள் இயக்குநரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

மேலிடத்துக்குத் தெரிவிப்பதைத் தவிர அவருக்கும் வேறு வழி இல்லை. மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வந்து, பசுமைக்குடிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க ஆராய்ந்தது. இது செடி என்றால் இதில் அனுமதி பெறாத மரபணு இருக்கிறது, அழிக்க வேண்டும். மனிதப் பிறவி என்றால் அழிப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை, ஆனால் வேலை செய்கிற இடத்தில் குழந்தை வைத்திருந்ததற்கு டாக்டர் விளக்கம் தர வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு, வேர் மண்ணில் இருப்பதால் செடிதான் என்று முடிவானது. பசுமைக்குடிலில் மண்ணில் வேரூன்றி நிற்கும் ஏழாம் நம்பர் கன்றை அறுத்து எரிக்க வேண்டும் என்று எழுதினார்கள். டாக்டர் அவர்களிடம் நோய் தாங்குகிற மரம் இது ஒன்றுதான் என்றாள், இது போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். கேட்டுக்கொண்டார்கள். அவள் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அது என்னவென்று அவளுக்கே சரியாகச் சொல்ல வந்திருக்காது. நோய்த் தோப்புகளில் எத்தனையோ பேர் அவள் எதிரில் கைகட்டி நின்று, இந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் முகமெல்லாம் அன்றைக்குத்தான் அவளுக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

அறுக்கிற வேலைக்கு வழக்கம்போல அந்த வட்டாரத்தில் அறுக்கிற ஆளையே கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள் என்பது இயக்குநருக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் பேச்சில்கூடக் குறிப்பிடாதவர்களைப் பற்றி யாருக்குத் தெரியப் போகிறது. அண்ணன் காலையில் வந்தான். தலை நரைத்திருந்தது, அப்பா சட்டை போடுகிற மாதிரியே மேல் பொத்தானைப் போடாமல் விட்டிருந்தான். தங்கையைப் பார்த்தும் பார்க்காதவன்போல மிஷினைக் கீழே வைத்து, கயிற்றைச் சுண்டிக் கிளப்பினான். கன்று அதற்குள் அவன் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மிஷின் கக்கிய புகை இலைகள் மேல் போனது. கன்று தும்மியது. மறுபடி தும்மியது. பிறகு அந்த இடைவெளி வந்தது.

அண்ணன் மிஷினைக் கையில் பிடித்தபடி காத்து நின்றான். மூன்றாவதும் வந்தது. அவன் மிஷினை நிறுத்தினான்.

"இது யாரு?" என்று கேட்டான். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

டாக்டர் விரலைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். மரபணு பற்றி அவனுக்குத் தெரிய வேண்டிய அளவுக்குச் சொன்னாள். அவன் பாதிதான் கேட்டான். கன்றைச் சுற்றி வந்து, தண்டைத் தொட்டு, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தான். வேறு யார் திருப்பினாலும் முகம் திருப்பிக்கொள்கிற கன்று அவன் கையில் இலையை விட்டு வைத்தது.

"அப்பா மாதிரியே பண்ணுது," என்றான்.

"ஆமா."

"எத்தனை வருஷமா இங்க வச்சிருக்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"நீ பேசுற மாதிரியா இருந்த?"

குழுவிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி நேரமாகிறது என்றார். அண்ணன் அவரைப் பார்த்து, எந்தக் கோபமும் இல்லாமல், "என் தங்கச்சி பிள்ளை மேல நான் மிஷின் வைக்க மாட்டேன் சார். வேற ஆளைப் பாருங்க," என்றான். வேறு ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். பிறகு அவன் வெளியே போய், வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து பசுமைக்குடில் வாசலில் நிறுத்திப் பின்கதவை இறக்கினான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னான். மரத்தை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று டாக்டர் கேட்டாள். "வந்தா வரட்டும்," என்றான் அவன். ஏழாம் நம்பர் கன்று, சேறான தெருவைக் கடக்கிற பெண் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வதுபோல, மண்ணிலிருந்து ஒவ்வொரு வேராக எடுத்து, வாசல் படியில் தடுக்காமல் இறங்கி, வண்டியில் ஏறி உட்கார்ந்தது. அதிகாரி உத்தரவை எடுத்து இன்னொரு முறை படித்தார். மண்ணில் வேரூன்றி நிற்கும் கன்று என்று அதில் இருந்தது. அப்படி ஒன்று இப்போது அங்கே இல்லை. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் அடுத்த பேருந்தைப் பிடித்தார்.

அண்ணன் வீட்டில் அதற்கு இடம் பார்ப்பதில் சிரமம் இருக்கவில்லை. மொட்டையாகக் கிடந்த தோப்பு முழுக்கச் சுற்றிவிட்டு அது சமையலறை ஜன்னலுக்கு வெளியே போய் நின்றது. பேச்சுச் சத்தம் கேட்கிற இடம் அதுதான் என்று அண்ணி சொன்னாள். அண்ணன் பெண்கள் இருவரும் இது அத்தை மகனா, அத்தை மகளா என்று கேட்டார்கள். ஆரஞ்சுப் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும் என்று டாக்டர் சொன்னதும், "அப்ப ரெண்டும் ஆச்சு, ஒரே செலவு," என்றாள் அண்ணி. டாக்டர் வாரம் தவறாமல் வந்தாள். அண்ணனும் தங்கையும் முதலில் மரத்திடம் பேசினார்கள், பிறகு மரத்தைப் பற்றிப் பேசினார்கள், அதற்குப் பிறகு மற்றதும் வந்தது. கையெழுத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. அண்ணன் மிஷினை விற்றுவிட்டான்.

மூன்றாம் வருடம் மரம் காய்த்தது. பழம் இனித்தது, அடிநாக்கில் லேசாக இரும்பு வாசம் இருந்தது. செய்தி பரவி, தோப்பை இழந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது மரத்தின் கிளை மொட்டுகள். ஒரு மொட்டை வெட்டியெடுத்து வேறு கன்றின் தண்டில் வைத்துக் கட்டினால் அது இதே மரமாக வளரும். அப்படி ஆயிரக்கணக்கில் வளர்த்தால் வட்டாரம் மறுபடி எழுந்துவிடும். டாக்டர் இத்தனை காலம் பாடுபட்டதும் இதற்குத்தான். அண்ணன் கத்தியோடு யாரையும் மரத்தின் பக்கத்தில் விட மாட்டேன் என்றான். தங்கையையும் விட மாட்டேன் என்றான். ஜன்னலுக்கு வெளியே நின்று இருவரும் சண்டை போட்டார்கள். அது பல வருடமாகப் போடாமல் வைத்திருந்த சண்டை; தெருமுனை வரை கேட்டது.

"என் தோப்பை வெட்டச் சொன்ன, வெட்டினேன். இப்ப பிள்ளையையும் வெட்டச் சொல்றியா? ஊருக்குன்னா நீ எதையும் வெட்டுவ."

"உன் தோப்பை வெட்டினதுல எனக்கு என்ன ஆச்சுன்னு ஒரு நாளாவது கேட்டியாண்ணா நீ?"

மரம் இலை அசையாமல் நின்றது. அப்போது அண்ணி உள்ளேயிருந்து, தன் பெண்களுக்கு முடி வெட்டுகிற கத்தரிக்கோலோடு வந்தாள். "முடி வெட்டினா பிள்ளைக்கு வலிக்குமா? ரெண்டு பேரும் தள்ளுங்க," என்று சொல்லி, மரத்தின் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றி, குனியச் சொல்லி, நுனிக் கிளைகளை வெட்டிக் கூடையில் போட்டாள். மரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, முடிந்ததும் உதறிக்கொண்டது. அந்தக் கூடையோடு டாக்டர் நிலையத்துக்குப் போனாள். அனுமதி பெறாத மரபணு என்ற குழுவின் முடிவு காகிதத்தில் அப்படியேதான் இருந்தது, ஆனால் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்த பிறகு அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆற்றின் இரு கரையும் மறுபடி தோப்பானது. பூட்டிக் கிடந்த சாறு ஆலை திறந்தது. எல்லா மரங்களும் ஒரே மரம் என்பதால், மண் சாலைகளில் லாரிகள் தூசி கிளப்பாமல் ஊர்ந்து போகக் கற்றுக்கொண்டன. அப்படியும் தூசி பறந்து மரங்கள் தும்மினால், அந்த இடைவெளியில் ஒரு வட்டாரமே மூன்றாவது தும்மலுக்காகக் காத்திருப்பது பழகிப்போனது. டாக்டருக்குத்தான் சிரமமாகப் போயிற்று. அவளுக்கு ஜுரம் வந்தால் எல்லாத் தோப்புகளிலும் இலை கொட்டியது. அதனால் அவள் குடையில்லாமல் தெருவில் இறங்கினால் முன்பின் தெரியாதவர்கள் குடை கொடுத்தார்கள். காய்கறிக்காரர் அவளுக்கு மட்டும் கீரையைத் தன் கையாலேயே ஆய்ந்து கொடுத்தார். அவளிடம் மாத்திரை வாங்கிய அக்கம்பக்கத்தார் இப்போது அவளுக்கு மாத்திரை கொண்டுவந்தார்கள். ஆரஞ்சு மண்டியில் விலை சொல்வதற்கு முன்னால் டாக்டருக்கு உடம்பு எப்படி என்று விசாரிப்பது வழக்கமானது. அவள் இருமினால் கூடைக்கு இரண்டு ரூபாய் ஏறியது. அண்ணன் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பான். "உன்னை யாரு கட்டிக்கிட்டிருந்தாலும் இப்படிப் பார்த்திருக்க மாட்டான்," என்பான்.

அந்த அண்ணன் ஓர் அறுவடைப் பருவத்தில், பழமெல்லாம் நிறம் ஏறி இன்னும் ஒரு வாரத்தில் பறிக்கலாம் என்று இருந்தபோது, காலையில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து திண்டில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் பல வருடத்து மரத்தூள் இருந்தது என்றார் உண்மையான டாக்டர். எல்லாம் முறையாக முடிந்தது. டாக்டர் அதுவரை அழவில்லை. ஓடியாடி வந்தவர்களைக் கவனித்தாள், அண்ணியைச் சாப்பிட வைத்தாள், பெண்களின் பிள்ளைகளைத் தூங்க வைத்தாள். மறுநாள் மண்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நல்லவர்கள்தான். நோய்க் காலத்தில் மூவருமே தோப்பை இழந்தவர்கள். அண்ணன் கையாலேயே அறுக்கப்பட்ட தோப்புகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அண்ணனைப் பற்றி நல்ல விதமாக நாலு வார்த்தை பேசினார்கள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார் மூத்தவர். "பழம் எல்லாம் மரத்துல நிக்குது. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் மனசைக் கல்லாக்கிக்கிட்டீங்கன்னா..."

டாக்டர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்பதில் நியாயம் இருந்தது. இப்படிப்பட்ட நியாயங்கள் அவளுக்குப் புதிது இல்லை. அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். அவள் வாழ்க்கையில் அதற்கு மாறாக எதுவும் செய்ததாக யாருக்கும் தெரியாது. அவள் எழுந்து அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் குடித்து முடிக்கும் வரை கூட இருந்தாள். பிறகு, "நீங்க கிளம்புங்க. கூடையெல்லாம் எடுத்து வச்சுக்கோங்க," என்றாள்.

சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். மரத்தின் அடியில் உட்கார்ந்து, முதுகை அதன் மேல் சாய்த்துக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் அண்ணன் தன்னை விட்டுவிட்டு விளையாடப் போனதற்கு அழுததுபோல, சத்தமாக, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் அவர்களைச் சுற்றிப் பழம் விழுந்தது. பிறகு ஆற்றின் இந்தக் கரையில் விழ ஆரம்பித்தது, அப்புறம் அந்தக் கரையில். மண்டிக்காரர்கள் மூவரும் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, இரு பக்கமும் தோப்புகளுக்குள் பழம் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம்வரை கொட்டியது. ஒரு கிளையில்கூட மிச்சம் இல்லை.

ஜனங்கள் கூடையோடு இறங்கினார்கள். அடிபடாததைத் தனியாகவும் அடிபட்டதைத் தனியாகவும் பொறுக்கினார்கள். அடிபட்டது ஆலைக்குப் போனது, ஆலை நிரம்பிய பிறகு மாடுகளுக்குப் போனது. வெளியூர்க்காரர் ஒருவர் இதற்கு யார் பொறுப்பு என்று மண்டியில் கேட்டார். குனிந்து பழம் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், நிமிராமலேயே, "அண்ணன் செத்தா அழாம என்ன பண்ணுவாங்க," என்றார். அந்த வருடம் கூடை நாற்பது ரூபாய்க்குப் போனது. அடுத்த வருடம் மரங்கள் கொஞ்சம் தாமதமாகப் பூத்தன. விலை பழையபடி நூற்றைம்பதுக்கு வந்து நின்றது.